ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீல் லிங்கன்: காசு கொடுத்து கைடு வைத்துக்கொள்ளலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கட்டாயம் போங்கள். கைடு வேண்டுமென்றால் அரை நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் குறுக்குக் கேள்வி கேட்கும் ஆள் ஒருவர் உங்கள் கூட இருந்தால்தான் கொடுத்த காசு தேறும். எங்கள் கூட மாமா இருந்தார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. 38 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கேஸ் கட்டின் கனத்தைப் பார்த்தே அது எத்தனை வாய்தா தாண்டும் என்று சொல்லக்கூடியவர். சிகாகோ பக்கம் எங்களோடு தங்க வந்தவருக்கு ஏரியும் உயரக் கட்டடங்களும் ஒரே வாரத்தில் அலுத்துவிட்டன. ஒரு நாள் சாப்பிடும்போது, “லிங்கன் வக்கீலாக இருந்தாராமே, அந்த ஆபீஸ் இன்னும் இருக்காம்மா?” என்று கேட்டார். இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தேடியதில் ‘ஜனாதிபதி ஆவதற்கு முந்தைய லிங்கன்’ என்று ஒரு நடைச்சுற்றுலா கிடைத்தது. மூன்று பேருக்கும் சேர்த்து 120 டாலர், நான்கு மணி நேரம். நடத்துபவர் தனி ஆளாகச் செய்கிறார், அதனால் பெயரைப் போடவில்லை. ஒரு தனி மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு விருப்பமில்லை, ஆனால் குறைகளைச் சொல்லாமல் விடவும் போவதில்லை.

காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சிகாகோவிலிருந்து ரயிலும் உண்டு, மாமாவின் மூட்டு வலிக்காகத்தான் நாங்கள் கார் எடுத்தோம். ஒன்பதரைக்கு வரச் சொன்ன கைடு 25 நிமிடம் கழித்து வந்தார். வந்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேராக 1865க்குப் போய் லிங்கன் சுடப்பட்ட நாடகக் கொட்டகை, துப்பாக்கி, இறுதி ஊர்வலம் என்று ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த மாமா, “இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆள் எப்படி சன்னது வாங்கினார், அதைச் சொல்லச் சொல்லு” என்று என்னிடம் முணுமுணுத்தார். சன்னது என்றால் வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம். நான் மொழிபெயர்த்தேன். கைடுக்கு முகம் சற்று மாறியது, ஆனால் அதற்கப்புறம்தான் சுற்றுலா சூடு பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

சன்னது கதை உண்மையிலேயே நல்ல கதை. லிங்கன் பள்ளிக்கூடம் போன நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது, இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1831இல் நியூ சேலம் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தபோது கையில் தொழில் எதுவும் இல்லை. கடை வைத்தார், கடை நொடித்தது, அந்தக் கடனை வருடக்கணக்கில் அடைத்தார், ‘தேசியக் கடன்’ என்று அதற்குப் பெயர் வைத்துத் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டார். அப்புறம் போஸ்ட் மாஸ்டர், அப்புறம் நிலம் அளக்கும் சர்வேயர். சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. ஜான் டாட் ஸ்டூவர்ட் என்ற வக்கீல்தான் ‘நீ சட்டம் படி’ என்று தூண்டிவிட்டுப் புத்தகங்களை இரவல் கொடுத்தவர். அதை வாங்கிப் படித்து, 1836 செப்டம்பரில் உரிமம் பெற்று, 1837 மார்ச் 1ஆம் தேதி வக்கீல்கள் பட்டியலில் பெயர் ஏறியது. அடுத்த மாதமே ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார்.

இதையெல்லாம் கைடு சொன்ன இடம் பழைய சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றியிருக்கும் சதுக்கம். இங்கேதான் ஜோஷுவா ஸ்பீடின் கடை இருந்தது. ஊருக்கு வந்த வக்கீல், கட்டிலும் மெத்தையும் என்ன விலை என்று அங்கே விசாரித்திருக்கிறார். 17 டாலர் என்றார்கள். ‘விலை நியாயம்தான், ஆனால் கையில் காசு இல்லை, வக்கீல் தொழில் ஓடினால் கிறிஸ்துமஸுக்குள் தருகிறேன்’ என்றாராம். ஸ்பீட் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘மாடியில் எனக்குப் பெரிய கட்டில் இருக்கிறது, பகிர்ந்துகொள்ளலாம்’ என்றார். லிங்கன் குதிரைச் சேணப் பைகளை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்து, ‘சரி ஸ்பீட், குடிவந்துவிட்டேன்’ என்றார். அந்தக் கடை மாடியில் கிட்டத்தட்ட நான்கு வருடம். இந்த இடத்தை கைடு நன்றாகச் சொன்னார், நடித்தே காட்டினார், தெருவில் போனவர்கள் கூட நின்று கேட்டார்கள்.

சட்டமன்ற உறுப்பினர் லிங்கன் என்ற பகுதிதான் இந்தச் சுற்றுலாவிலேயே எனக்கு அதிகம் பிடித்தது, ஏனென்றால் இதைப் பற்றி எனக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. 1832இல் முதல் முறை நின்று தோற்றார், ஆனால் தன் ஊரான நியூ சேலத்தில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு. 1834இல் மறுபடி நின்று ஜெயித்தார். சபைக்குப் போகப் போடுவதற்கு உருப்படியான துணி இல்லாமல், கடன் வாங்கிக் கோட்டு தைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் 1836, 1838, 1840 என்று தொடர்ந்து நான்கு முறை ஜெயித்திருக்கிறார். அப்போது தலைநகரம் இங்கே இல்லை, தெற்கே வாண்டேலியாவில்.

அதை இங்கே கொண்டு வந்ததுதான் அவருடைய பெரிய அரசியல் வேலை. ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கும் சாங்கமன் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) இரு அவைகளுக்கும் போன ஒன்பது பேரும் நெட்டை ஆட்கள், உயரத்தைக் கூட்டினால் 54 அடி, அதனால் ‘நெட்டை ஒன்பது’ என்று பெயர். இந்தக் கோஷ்டி 1837 பிப்ரவரி கடைசியில் தலைநகரத்தை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றும் வாக்கெடுப்பில் ஜெயித்தது. அதே கூட்டத்தொடரில்தான் ரயில்பாதை, கால்வாய், சாலை என்று ஒரு கோடி டாலருக்கு மேல் செலவாகும் மாபெரும் திட்டத்துக்கும் கை தூக்கினார்கள். மாநிலத்தின் மக்கள்தொகையே அப்போது ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. அந்த வருடமே நாடெங்கும் பணமுடை, திட்டம் படுத்துவிட்டது, மாநிலம் பல பத்தாண்டுகள் வட்டி கட்டிக்கொண்டிருந்தது. தலைநகரத்துக்கு ஓட்டு வாங்குவதற்காக அந்தத் திட்டத்துக்குத் தங்கள் ஓட்டுகளை விற்றார்கள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள், வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை. கைடு இந்த இடத்தில் திட்டத்தை ‘தொலைநோக்கு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு நகரப் பார்த்தார். மாமா விடவில்லை. “கடனை யார் கட்டினது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில், ஜனங்கள்.

கைடு விட்டுவிட்ட ஒரு விஷயத்தை இங்கே நானே சேர்த்துவிடுகிறேன். அதே 1837இல் அடிமைமுறை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து இல்லினாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, கீழவையில் 77 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. எதிர்த்த ஆறு பேரில் லிங்கன் ஒருவர். மார்ச் 3ஆம் தேதி அவரும் டான் ஸ்டோன் என்ற இன்னொரு உறுப்பினரும், அந்த இரண்டு பேர் மட்டும், எழுத்து மூலம் ஆட்சேபம் பதிவு செய்தார்கள்: அடிமைமுறை அநீதியும் மோசமான கொள்கையும் சேர்ந்து உண்டாக்கியது என்று. அதே தாளில், ஒழிப்புப் பிரசாரம் அந்தக் கேட்டைக் குறைப்பதைவிட அதிகமாக்கவே செய்கிறது என்றும் எழுதினார்கள். அப்போது அவருக்கு வயது 28. முழுசாக வீரமும் இல்லை, முழுசாக நழுவலும் இல்லை. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். எங்களுக்குக் கிடைத்ததோ ஜன்னல் கதை.

ஜன்னல் கதையும் சுவையானதுதான், மறுக்கவில்லை. இன்று ‘பழைய’ என்று சொல்லும் சட்டமன்றக் கட்டடம் 1840 டிசம்பரில் இன்னும் கட்டி முடியாததால் கீழவை ஒரு தேவாலயத்தில் கூடியது. சபை கலைந்தால் ஸ்டேட் பாங்க் தன் நோட்டுகளுக்கு ஈடாகத் தங்கம் வெள்ளி கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், பாங்க் தாங்காது. அதனால் லிங்கனின் விக் கட்சிக்காரர்கள் வெளியேறி, சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் செய்யப் பார்த்தார்கள். அவர்கள் போக முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டார்கள். லிங்கனும் இன்னும் ஓரிருவரும் ஜன்னலைத் திறந்து குதித்தார்கள். ஆனால் குதிப்பதற்கு முன்பே அவர்களையும் எண்ணியாகிவிட்டது! எதிர்க்கட்சிப் பத்திரிகை, ‘அவர் கால் நீளத்துக்கு ஜன்னலிலிருந்து இறங்குவது பெரிய விஷயமில்லை’ என்கிற தொனியில் கேலி செய்தது. வெளிநடப்பு என்று நாம் இன்று சொல்வதற்கு இதைவிட அசல் உதாரணம் கிடையாது.

பழைய சட்டமன்றக் கட்டடத்தைப் பற்றி ஒரு தகவல் சொல்கிறேன், இதை அறியாமல் போனால் அசலா நகலா என்று குழப்பம் வரும். 1837 ஜூலை 4இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. 1876 வரை சட்டமன்றம், அப்புறம் கவுண்டி கோர்ட். நடுவில் ஒரு முறை கட்டடம் முழுவதையும் தூக்கி அடியில் ஒரு தளம் சேர்த்தார்கள். 1960களில் கல் கல்லாகப் பிரித்து, கீழே பார்க்கிங் தோண்டி, பழைய கல்லையே திரும்ப அடுக்கினார்கள். ஆகவே வெளிக்கல் பழசு, உள்ளே லிங்கன் காலத்து அமைப்பில் புதிதாகச் செய்தது. 1858 ஜூன் 16இல் ‘தனக்குள் பிளவுபட்ட வீடு நிலைக்காது’ என்ற புகழ்பெற்ற உரையை லிங்கன் நிகழ்த்தியது இந்தக் கட்டடத்தின் பிரதிநிதிகள் மன்றத்தில்தான். மாநில உச்ச நீதிமன்றமும் இங்கேயே இயங்கியது, அங்கே மட்டும் லிங்கன் 300க்கும் மேற்பட்ட வழக்குகளில் ஆஜராகியிருக்கிறார். வெறும் ஊர்ப்புற வக்கீல் என்ற பிம்பம் அந்த எண்ணிக்கையில் அடிபட்டுப் போகிறது.

அங்கிருந்து தெருவைத் தாண்டினால் லிங்கன்-ஹெர்ண்டன் வக்கீல் ஆபீஸ். ஆறாவது தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேரும் மூலையில் செங்கல் கட்டடம். லிங்கன் ஆபீஸ் வைத்திருந்த கட்டடங்களில் இன்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அந்தக் காலத்தில் கீழே தபால் ஆபீஸ், நடுத்தளத்தில் பெடரல் கோர்ட், மேலே வக்கீல்கள். “கோர்ட்டுக்கு மேலேயே ஆபீஸா! வாய்தாவுக்கு லேட்டாக வந்தேன் என்று சொல்லவே முடியாதே” என்று மாமா சிரித்தார்.

லிங்கனின் தொழில் வாழ்க்கையை மூன்று கூட்டாளிகளை வைத்துப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முதலில் ஸ்டூவர்ட், 1841 வரை. அவர் அரசியலில் மும்முரமாக இருந்ததால் பாதி வேலை இளையவர் தலையில். அடுத்து ஸ்டீபன் லோகன், 1844 வரை, அவர் கண்டிப்பானவர், கேஸைத் தயார் செய்து வாதாடும் ஒழுங்கை லிங்கன் அவரிடம்தான் கற்றார். மூன்றாவது வில்லியம் ஹெர்ண்டன். இவரை லிங்கன் ‘பில்லி’ என்பார், இவர் பதிலுக்கு ‘மிஸ்டர் லிங்கன்’ என்பார், ஃபீஸ் மட்டும் சரிபாதி. ஒன்பது வயது இளையவரோடு சரிபாதி என்பது அந்தக் காலத்துக்குச் சாதாரண விஷயமில்லை.

இந்த ஆபீஸ் எவ்வளவு அலங்கோலமாக இருந்தது என்பதைப் பற்றித்தான் எத்தனை கதைகள்! ஒரு காகிதக் கட்டின் மேல் ‘வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் பார்’ என்று லிங்கனே எழுதி வைத்திருந்தாராம். விவசாயிகளுக்குக் கொடுக்க வந்த விதைகள் சிந்தி, மூலையில் சேர்ந்த அழுக்கிலேயே முளைத்துவிட்டனவாம். அவருடைய உயரத் தொப்பிதான் ஃபைல் பீரோ. 1850இல் ஒரு வக்கீலுக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு அவர் சொன்ன காரணம்: கடிதத்தைப் பழைய தொப்பிக்குள் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கினேன், பழையதை ஒதுக்கி வைத்ததில் கடிதமும் கண்ணில் படாமல் போனது. இது வதந்தி அல்ல, அவர் கையெழுத்தில் இருக்கும் கடிதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன்கள் வில்லியும் டாடும் வந்து புத்தகங்களை இழுத்துப் போட்டு, மையைக் கொட்டி அமளி செய்வார்கள், அப்பா கண்டுகொள்ளவே மாட்டார், ஹெர்ண்டனுக்குப் பையன்களின் கழுத்தைத் திருகலாம் போல இருக்குமாம். மாமா இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். குமாஸ்தா ஒருவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பது அவர் தீர்ப்பு.

ஆனால் இங்கேதான் கைடு சொதப்பினார். ஆபீஸ் தரையில் இருந்த பொறிக்கதவின் கதையைச் சொன்னார்: நண்பர் பேக்கர் கீழே பேசும்போது கூட்டம் அடிக்கப் பாய்ந்தது, மேலேயிருந்து இரண்டு நீளக் கால்கள் தொங்கின, லிங்கன் குதித்துத் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நின்றார் என்று. கதை அருமை. ஆனால் அது நடந்ததாகச் சொல்லப்படுவது ஸ்டூவர்ட்டோடு இருந்த முந்தைய ஆபீஸில், வேறொரு கட்டடத்தில். நான் முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டுப் போனதால் தெரிந்தது, இல்லாவிட்டால் நானும் வீட்டுக்கு வந்து நாலு பேருக்குத் தப்பாகச் சொல்லியிருப்பேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்த ஆபீஸ் கதைகளில் பெரும்பகுதி லிங்கன் இறந்த பிறகு ஹெர்ண்டன் நினைவிலிருந்து சொன்னதும், பழகியவர்களைத் தேடிப் போய்ச் சேகரித்ததும். கூட்டாளியின் சாட்சியம்தான், ஆனால் சாட்சிக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு. நல்ல கைடு அதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

அடுத்து பஞ்சாங்க வழக்கு. 1858 மே மாதம், டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன் மேல் கொலைக் குற்றச்சாட்டு. அவன் அப்பா ஜாக், நியூ சேலத்தில் லிங்கனோடு மல்யுத்தம் செய்து அப்புறம் நண்பரானவர். விதவைத் தாய் ஹன்னாவுக்காக லிங்கன் காசு வாங்காமல் ஆஜரானார். முக்கிய சாட்சி, இரவு பதினோரு மணி வாக்கில் தலைக்கு மேல் நிலா பளிச்சென்று இருந்தது, அந்த வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார். லிங்கன் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, சாட்சி நழுவ வழியில்லாமல் செய்துவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்தார். அன்றைக்கு அந்த நேரத்தில் நிலா அடிவானத்துக்கு இறங்கி மறையப் போகிறது. பையன் விடுதலை. இது எங்கள் கைடின் முத்திரைக் கதை, ஆனால் கடைசியில் கண்ணைச் சிமிட்டி, ‘அந்தப் பஞ்சாங்கம் வேறு வருடத்தது என்று ஒரு பேச்சு உண்டு’ என்று முடித்தார். பேச்சு உண்டுதான். பிற்காலத்தில் வானியல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பஞ்சாங்கம் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்பதும் உண்டு, அதைச் சொல்லவில்லை. மாமாவுக்குக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. “எதிர்க்கட்சி வக்கீல் என்ன தூங்கிக்கொண்டா இருந்தார்? எக்ஸிபிட்டைக் கையில் வாங்கி அட்டையைப் பார்க்க மாட்டாரா?” என்று ஒரே போடு. அதோடு, அந்த வழக்கு நடந்தது ஸ்பிரிங்ஃபீல்டில் இல்லை, பியர்ட்ஸ்டவுனில்.

என் பெரிய குறை இதுவல்ல. நான்கு மணி நேரத்தில் முக்கால் மணியை நினைவுப்பொருள் கடையில் கழிக்க வைத்த கைடு, மேட்சன் வழக்கை வாயே திறக்கவில்லை. நான் கேட்ட பிறகும், ‘அது சிக்கலானது’ என்று நகர்ந்தார். சிக்கல்தான், அதனால்தான் சொல்ல வேண்டும். 1841இல் நான்ஸ் என்ற பெண்ணை விற்றதற்கான கடன் பத்திரம் செல்லாது என்று வாதாடி லிங்கன் ஜெயித்தார். இல்லினாயில் எந்த மனிதரையும் சுதந்திரமானவர் என்றே கொள்ள வேண்டும், சுதந்திரமான மனிதரை விற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. சரி, அருமை. ஆறு வருடம் கழித்து, 1847இல், அதே லிங்கன் கோல்ஸ் கவுண்டியில் ராபர்ட் மேட்சன் என்ற அடிமை முதலாளிக்காக ஆஜரானார். அடிமைமுறை இருந்த கென்டக்கியிலிருந்து தன் இல்லினாய் பண்ணைக்குக் கொண்டுவந்த ஜேன் பிரையன்டையும் அவள் பிள்ளைகளையும் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது மேட்சனின் கோரிக்கை. அவர்கள் பண்ணையில் தற்காலிகமாகத்தான் இருந்தார்கள் என்பது வாதம். லிங்கன் தோற்றார், ஜேனும் பிள்ளைகளும் விடுதலை ஆனார்கள். மேட்சன் ஃபீஸைக் கூடக் கொடுக்காமல் கிளம்பிவிட்டார் என்று சொல்வார்கள்.

இதைக் கேட்டதும் என் கணவருக்கு அதிர்ச்சி. மாமாவுக்கு இல்லை. “முதலில் வந்த கட்சிக்காரனுக்கு வக்காலத்து. அந்தத் தொழில் அப்படித்தான்” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஆனாலும் அந்த வக்காலத்தை அவர் வாங்கியிருக்க வேண்டாம்” என்று அவரே சொன்னார். எனக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் 120 டாலர் சுற்றுலாவில் கிடைத்த மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தன, கைடுக்கு அதில் பங்கில்லை என்றாலும்.

லிங்கனின் தினசரித் தொழிலைப் பற்றியும் கைடு இன்னும் சொல்லியிருக்கலாம். வருடத்தில் வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் நீதிபதியும் வக்கீல்களும் கூட்டமாகக் கிளம்பி எட்டாவது நீதிமன்ற வட்டாரத்தின் கவுண்டி கவுண்டியாகப் போவார்கள், முதலில் குதிரையில், வண்டியில், பின்னால் ரயிலில். நீதிபதி டேவிட் டேவிஸ் 300 பவுண்டுக்கு மேல் எடை, சத்திரங்களில் வக்கீல்கள் இரண்டு பேருக்கு ஒரு கட்டில். பெரும்பாலான வக்கீல்கள் பக்கத்து ஊர்களோடு திரும்பிவிடுவார்கள், லிங்கன் கடைசி ஊர் வரை போவார். மொத்தம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் அவரும் கூட்டாளிகளும் வேலை செய்திருக்கிறார்கள், அதில் மிகப் பெரும்பகுதி கடன் வசூல். ஐந்து, பத்து, இருபது டாலர் ஃபீஸ். அதற்கு நடுவே இல்லினாய் சென்ட்ரல் ரயில் கம்பெனிக்காக வரி வழக்கில் ஜெயித்துக் கொடுத்துவிட்டு 5,000 டாலர் பில் அனுப்பினார், கம்பெனி மறுத்தது, கம்பெனி மேலேயே கேஸ் போட்டு 1857இல் வாங்கினார். வாங்கியதில் பாதி ஹெர்ண்டனுக்கு. அதற்கப்புறமும் அதே கம்பெனிக்கு வக்கீலாக இருந்தார்! மாமா இதைத்தான் வீடு வரும் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மதியத்துக்கு மேல் கைடை அனுப்பிவிட்டு, எட்டாவது தெருவில் இருக்கும் லிங்கன் வீட்டுக்குப் போனோம். இதற்குக் கட்டணம் கிடையாது, தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது. பார்வையாளர் மையத்தில் நேரம் போட்ட டிக்கெட் வாங்கிக்கொண்டு ரேஞ்சரோடு உள்ளே போக வேண்டும். 1844இல் வாங்கியது, அவர் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு, 1856இல் மாடியை முழுசாக உயர்த்திக் கட்டினார்கள். மகன் ராபர்ட் 1887இல் மாநிலத்துக்குக் கொடுத்தபோது யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ரேஞ்சர் ஒவ்வொரு அறையிலும் எது அசல், எது அந்தக் காலத்துப் பொருள் என்று பிரித்துச் சொன்னார், கதையைக் கதை என்றே சொன்னார். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட இருக்கும், அவ்வளவுதான். படிக்கட்டின் கைப்பிடி அசல் என்றதும் மாமா மூட்டு வலியை மறந்து அதைப் பிடித்தபடியே ஏறினார், இறங்கும்போதும் விடவில்லை.

போகிறவர்களுக்கு: கிளம்பும் முன் எந்தெந்த இடம் அன்றைக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கட்டடங்களில் பராமரிப்பு வேலை என்று மூடுவது உண்டு. வசதியான செருப்பு அவசியம். ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் சமாதி முன் இருக்கும் வெண்கலத் தலையின் மூக்கைத் தடவ வரிசை நிற்கிறது, நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாவற்றையும் சீஸ் குழம்பில் முக்கித் தரும் ‘ஹார்ஸ் ஷூ’தான் ஊரின் பிரபல சாப்பாடு, ஒரு தட்டை மூன்று பேர் பகிர்ந்தும் மிச்சம். நேரம் இருந்தால் நியூ சேலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 20 மைல்தான், மரக்குடிசைகளை 1930களில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

கைடுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். ஸ்பீட் கடைக்காக ஒன்று, நெட்டை ஒன்பதுக்காக ஒன்று, எரிச்சல் படாமல் மாமாவின் கேள்விகளை வாங்கிக்கொண்டதற்காக ஒன்று. ஆபீஸ் குழப்பம், பஞ்சாங்கம், மேட்சன், கடையில் போன முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் மரியாதையாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பொறிக்கதவைத் திருத்திக்கொள்கிறாராம், மேட்சனை அடுத்த சீசனில் சேர்க்கிறாராம். பஞ்சாங்கக் கண்சிமிட்டலை மட்டும் விட முடியாதாம், டிப்ஸ் வருவதே அந்த இடத்தில்தானாம்.